சேறும் சம்பளமும் சோறும்

ஆரணி என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் பட்டுச் சேலை ஞாபகத்துக்கு வரும். கல்யாண ஜவுளியைப் பற்றிப் பேச்செடுத்தால் காஞ்சிபுரத்தோடு ஆரணியையும் சேர்த்தே பேசுவார்கள். சாப்பாட்டில் ருசி பார்க்கிறவர்களுக்கு ஆரணி அரிசி நினைவுக்கு வரும். பட்டையும் அரிசியையும் தவிர அந்த ஊருக்கு வேறு விசேஷம் உண்டா என்று கேட்டால், பக்கத்துப் படவேட்டு ரேணுகாம்பாளையும் கமண்டல நாகநதியையும் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

இந்த ஊரின் கழனிகளிலே 31 வருஷ இடைவெளியில் இரண்டு யுத்தங்கள் நடந்திருக்கின்றன. ஒன்றில் ராபர்ட் கிளைவ் நேரில் நின்று படை நடத்தினான். மற்றொன்றில் ஹைதர் அலியே நேரில் வந்தார். பள்ளிக்கூடப் புத்தகங்களோ ஆற்காட்டு முற்றுகை முடிந்ததும் கிளைவை நேரே பிளாசிக்கு ரயிலேற்றி அனுப்பிவிடுகின்றன. நடுவில் ஆரணி ஸ்டேஷனில் அந்த வண்டி நிற்பதே இல்லை. அந்த ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நேயர்களை அழைக்கிறேன்.

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு யுத்தம் என்றால் ஒரே கொண்டாட்டம். வாள்கள் மின்னும், குதிரைகள் கனைக்கும், கதாநாயகன் தனி ஒருவனாய்ப் பத்துப் பேரைச் சாய்ப்பான். கதைக்கு இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு யுத்தத்தை நான் கணக்குப் பிள்ளையைப் போலத்தான் அணுகுவது வழக்கம். எத்தனை பேர் வந்தார்கள்? கையில் என்ன ஆயுதம் வைத்திருந்தார்கள்? எந்த இடத்தில் நின்றார்கள்? இந்த மூன்றையும் எல்லாச் சரித்திராசிரியர்களும் கேட்பார்கள். இவற்றோடு நான் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்வேன். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார்? அன்றைக்குச் சோறு போட்டது யார்? ஆரணியின் இரண்டு யுத்தங்களிலும் முடிவு சொன்னவை பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்விகள்தான்.

பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1749ல் ஆம்பூரில் நடந்த போரிலே கர்நாடக நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். ஆற்காட்டுப் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் சந்தா சாகிப். அவருக்குப் பின்னால் புதுச்சேரி கவர்னர் டூப்ளே நின்றார். மற்றவர் அன்வருத்தீனின் மகன் முகம்மது அலி. அவருக்குப் பின்னால் சென்னையின் இங்கிலீஷ் கம்பெனி நின்றது. முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் வெளியே சூழ்ந்து நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கிளைவ் முன்னுக்கு வந்தான். கம்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தவன். இடையிலே கம்பெனிப் படைக்குச் சாமான்களும் தானியமும் சேகரித்துக் கொடுக்கும் உத்தியோகமும் பார்த்திருந்தான். இந்த விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அரிசி மூட்டை எண்ணிப் பழகியவன் படைத் தலைவனாகும்போது, வீரம் மட்டுமே தெரிந்தவனைக் காட்டிலும் ஒரு படி மேலே நிற்கிறான். சந்தா சாகிப்பின் படைகளெல்லாம் திருச்சியில் இருக்கும்போது தலைநகரான ஆற்காடு காலியாகத்தானே இருக்கும், அதைப் போய்ப் பிடித்தால் முற்றுகைப் படையில் ஒரு பகுதி தானாகத் திரும்பி வராதா என்பது யோசனை. 1751 ஆகஸ்டு கடைசியில் 200 வெள்ளைக்காரச் சோல்ஜர்கள், 300 சிப்பாய்கள், 3 பீரங்கிகள் ஆகியவற்றோடு புறப்பட்டு, எதிர்ப்பே இல்லாமல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்துகொண்டான். அப்போது அவனுக்கு வயது 26 கூட நிறையவில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் வந்து கோட்டையை வளைத்துக்கொண்டார். 50 நாள் முற்றுகை. சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் வடித்த கஞ்சியைக் குடித்தார்கள் என்று மெக்காலே எழுதிப் பிரசித்தமாக்கிய கதையும் இந்த முற்றுகையைப் பற்றியதுதான். நவம்பர் நடுவில், மொஹரம் நாட்களில், கடைசித் தாக்குதல் நடந்தது. அது முறிந்தது. ராஜா சாகிப் முற்றுகையை விட்டு விலகினார்.

பள்ளிப் புத்தகம் இங்கே மூடிக்கொள்கிறது. ராஜா சாகிப்போ இன்னும் தோற்றுப்போய்விடவில்லை. புதுச்சேரியிலிருந்து அவருக்குப் புதிய பிரெஞ்சுப் படை ஒன்று வந்துகொண்டிருந்தது. சும்மா வரவில்லை, பணப் பெட்டியோடு வந்தது.

கிளைவின் பக்கம் மராட்டியக் குதிரை வீரர்கள் சிலர் இருந்தார்கள். குத்தி முராரி ராவின் மருமகன் பாசின் ராவ் அவர்களுக்குத் தலைவர். ஆயிரம் குதிரைகளோடு வந்திருந்தும், 'எதிரியைப் பின்தொடர்வோம், வாருங்கள்' என்று கிளைவ் கூப்பிட்டபோது அவர்கள் அசையவில்லை. சுற்று வட்டாரத்தைக் கொள்ளையடிப்பதில் அவர்களுக்கு இருந்த சிரத்தை, பீரங்கி வாய்க்கு முன்னால் போய் நிற்பதில் இல்லை. அதையும் குற்றமாகச் சொல்வதற்கில்லை. குதிரை அவர்களுடைய சொந்தச் சொத்து. அது செத்தால் பிழைப்புப் போயிற்று. ஆனால் புதுச்சேரியிலிருந்து வரும் படையோடு பணமும் வருகிறது என்ற செய்தி எட்டியதுதான் தாமதம், 600 பேர் குதிரை மேல் ஏறிவிட்டார்கள். யுத்தத்துக்கு முதல் தந்தி அடித்தது அந்தப் பணப் பெட்டிதான்.

ஆற்காட்டுக்குத் தெற்கே 17 மைல் தூரத்தில் இருக்கிறது ஆரணி. அங்கேதான் இரு படைகளும் சந்தித்தன. அன்று இங்கிலீஷ்காரர்களின் பழைய பஞ்சாங்கப்படி 1751 டிசம்பர் 3ந் தேதி. நாம் இன்று வைத்திருக்கும் கணக்குப்படி 14ந் தேதி. எப்படிப் பார்த்தாலும் கார்த்திகை கழிந்து மார்கழி தொடங்கும் சமயம். வடகிழக்குப் பருவமழை பெய்து, ஏரிகள் நிரம்பி, வயல்களெல்லாம் தண்ணீர் நிற்கும் காலம்.

இனி தலைகளை எண்ணலாம். கிளைவிடம் 200 வெள்ளைக்காரர்கள், 700 சிப்பாய்கள், 600 மராட்டியக் குதிரைகள், 3 பீரங்கிகள். ஆக மொத்தம் 1,500 பேர். ராஜா சாகிப்பிடம் 300 பிரெஞ்சுக்காரர்கள், 2,500 சிப்பாய்கள், 2,000 குதிரைகள், 4 பீரங்கிகள். ஆக மொத்தம் 4,800 பேர். ஒருவனுக்கு மூவர் என்ற கணக்கு. இந்தப் புள்ளிகளை நமக்குத் தருகிறவர் ராபர்ட் ஓர்ம் என்ற சரித்திராசிரியர். அவர் கிளைவுக்கு நண்பர். யுத்தம் நடந்து 12 வருஷம் கழித்து, 1763ல், அவருடைய புத்தகத்தின் முதல் பாகம் வெளிவந்தது. நண்பர் எழுதிய கணக்கு என்பதால் எதிரியின் எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாசிக்க வேண்டும். தள்ளுபடி செய்தாலும் எதிரிகள்தான் அதிகம் என்பதில் சந்தேகமில்லை.

ஆயுதத்தில் கிளைவுக்கு ஏதாவது மேன்மை இருந்ததா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரு பக்கத்திலும் வெள்ளைக்காரர்கள் கையில் இருந்தது ஒரே மாதிரியான சிக்கிமுக்கித் துப்பாக்கி. ஏறக்குறைய பத்து ராத்தல் எடை. காகிதத்தில் சுற்றிய தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் குழாய்க்குள் கோலால் இடித்து இறக்கி, பிறகு சுட வேண்டும். நன்றாகப் பழகியவன் நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சுடுவான். நூறு கஜத்துக்கு அப்பால் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கும் தெரியாது, சுடப்படுகிறவனுக்கும் தெரியாது. அதனால்தான் அந்தக் காலத்தில் சிப்பாய்களை வரிசையாகத் தோளோடு தோள் நிறுத்தி, ஒரே சமயத்தில் சுடச் சொன்னார்கள். நூறு துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தால், குறி தவறினாலும் ஏதாவது பத்துக் குண்டாவது யார் மேலாவது படும். பக்கத்தில் இருப்பவன் விழுந்தாலும் வரிசை கலையாமல் அடுத்த தோட்டாவை எடுக்கப் பழக்குவதுதான் அன்றைய ராணுவப் பயிற்சியின் ரகசியம் முழுவதும்.

இந்த ரகசியத்தைத் தென்னாட்டில் முதலில் நிரூபித்துக் காட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1746ல் அடையாற்றங்கரையில் சில நூறு பிரெஞ்சுக்காரர்களும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும், நவாப் அன்வருத்தீன் அனுப்பிய பத்தாயிரம் பேர் கொண்ட சைன்யத்தைச் சிதற அடித்தார்கள். அதுவரை இரு கம்பெனிக்காரர்களும் நவாபுக்கு முன்னால் கைகட்டி நின்றவர்கள். அடையாற்றுக்குப் பிறகு கட்டிய கையைப் பிரித்துக்கொண்டார்கள். ஆகவே ஆரணியில் ராஜா சாகிப்பின் படைக்கும் பயிற்சி தெரியும். கிளைவின் படைக்கும் தெரியும். ஒரே ஆயுதம், ஒரே வித்தை. எண்ணிக்கை மட்டும் ஒரு பக்கம் மும்மடங்கு. அப்படியானால் கிளைவ் தோற்றிருக்க வேண்டுமே!

அங்கேதான் ஆரணிக் கழனி குறுக்கிட்டது.

கிளைவ் சற்று மேடான இடத்தைப் பிடித்து நின்றுகொண்டான். அவனுக்கு ஒரு புறம் பனந்தோப்பு. அதில் மராட்டியக் குதிரைகளை நிறுத்தினான். மறுபுறம் ஒரு கிராமம்; அதில் சிப்பாய்களை வைத்தான். தோப்புக்கும் கிராமத்துக்கும் நடுவே ஏறக்குறைய 300 கஜம் திறந்த வெளி; அதில் வெள்ளைக்காரர்களையும் பீரங்கிகளையும் நிறுத்தினான். எதிரே கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர் கட்டிய நெல் வயல். அந்த வயல்களின் ஊடே சாய்வாக ஒரு குறுகிய மேட்டுப் பாதை கிராமத்தை நோக்கி வந்தது. நம் கிராமங்களில் மழைக்காலத்தில் மாட்டு வண்டி போவதற்குப் போட்டு வைத்திருப்பார்களே, அந்த மாதிரிப் பாதை.

சேற்று வயலில் காலை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் பொருள் புரியும். மனிதன் முழங்கால் புதைய நடப்பான்; குதிரை தடுமாறும்; பீரங்கி வண்டியின் சக்கரமோ ஓரடி கூட நகராது. ஆகவே பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பீரங்கிகளை அந்த மேட்டுப் பாதை வழியாகத்தான் கொண்டுவர முடியும். பாதைக்கு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நீண்ட கயிறு போல வந்தார்கள். அவர்களுடன் 1,500 சிப்பாய்கள். மற்றொரு பக்கம் குதிரைப் படையும் மீதிச் சிப்பாய்களும் பனந்தோப்பின் மேல் பாய்ந்தார்கள்.

தோப்பிலே சண்டை கடுமையாகத்தான் நடந்தது. மராட்டியர்கள் ஐந்து தடவை பாய்ந்தார்கள். ஐந்து தடவையும் எதிரிச் சிப்பாய்களின் துப்பாக்கி வரிசைக்கு முன்னால் பின்வாங்கினார்கள். ஆனால் விஷயம் முடிவானது மேட்டுப் பாதையில். எதிரே அகலமாக நிற்கிற வரிசையின் மேல் ஒரு பீரங்கிக் குண்டு விழுந்தால் இரண்டு பேரோ மூன்று பேரோ சாவார்கள். நீளவாக்கில் வரும் வரிசையின் மேல் விழுந்தால் அது முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை உருண்டு கொண்டே போகும். கிளைவின் பீரங்கிகள் மேட்டிலிருந்து அந்தப் பாதையை அப்படித்தான் நீளவாக்கில் துழாவின. பிரெஞ்சுக்காரர்களும் சிப்பாய்களும் பொறுத்துப் பார்த்தார்கள். பொறுக்க முடியாமல் பாதையை விட்டு வயலில் இறங்கி, சேற்றிலே அகலமாக வரிசை கட்ட முயன்றார்கள். பீரங்கிகள் மட்டும் ஒரு சிறு காவலோடு பாதையில் தனியே நின்றன.

கிளைவ் உடனே ஒரு சிறு படையைக் கிராமத்திலிருந்து அந்தப் பாதையில் இறக்கி, பீரங்கிகளை நோக்கி ஓடச் சொன்னான். பீரங்கிக்காரர்கள் பயந்துபோய்ப் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். தங்கள் பீரங்கி பின்னால் போவதைச் சேற்றில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிறகு ஒருவரும் நிற்கவில்லை. வழியிலிருந்த சத்திரங்களில் நின்று எதிர்த்துப் பார்த்தார்கள், அங்கிருந்தும் துரத்தப்பட்டார்கள். இருட்டிய பிறகுதான் துரத்தல் நின்றது.

இதைப் படிக்கும்போது 2022ம் வருஷம் எனக்கு ஞாபகம் வருகிறது. பிப்ரவரி கடைசியில் ருஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. தலைநகரான கீவ் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 64 கிலோமீட்டர் நீளத்துக்கு டாங்கிகளும் லாரிகளும் ஒரே சாலையில் ஒன்றன் பின் ஒன்றாக நின்றதை வானத்திலிருந்து எடுத்த படங்களில் உலகமெல்லாம் பார்த்தது. பனி உருகி இருபுறமும் சேறு. சாலையை விட்டு இறங்க வழியில்லை. பெட்ரோலும் சாப்பாடும் சரியாக வந்து சேரவில்லை. முன்னால் போகும் வண்டியை அடித்துவிட்டால் பின்னால் வருவது முழுவதும் நிற்கும். உலகத்தின் மிகப் பெரிய சைன்யங்களில் ஒன்று அந்தச் சாலையில் நாள் கணக்கில் முடங்கிக் கிடந்து, கடைசியில் கீவைப் பிடிக்காமலே திரும்பியது. எறிகணையும் விமானமும் வந்தாலும், சேறு சேறாகத்தான் இருக்கிறது.

ஆரணிக்குத் திரும்புவோம். சேதக் கணக்கை ஓர்ம் கொடுக்கிறார். எதிரிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களில் 50 பேரும் மற்றவர்களில் 150 பேரும் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். கிளைவின் பக்கம் சிப்பாய்களில் 8 பேர், மராட்டியர்களில் ஏறக்குறைய 50 பேர். இங்கிலீஷ்காரர்களில் ஒருவர் கூட இல்லை.

இந்தக் கணக்கை இரண்டு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் சரித்திரத்தில் இது கிளைவின் முதல் திறந்தவெளி வெற்றி. அந்த வெற்றிக்கு இங்கிலீஷ் ரத்தம் ஒரு சொட்டும் செலவாகவில்லை. செலவானதெல்லாம் மராட்டிய ரத்தமும் தமிழ்நாட்டுச் சிப்பாய்களின் ரத்தமும். அந்த 8 பேர் யார்? எந்த ஊர்? இந்துவா, முஸல்மானா? பாலாற்றங்கரையில் பிறந்தவர்களா, வேறெங்கிருந்தாவது பிழைப்புத் தேடி வந்தவர்களா? ஓர்ம் எழுதவில்லை. கிளைவின் பெயரும் மராட்டியத் தலைவரின் பெயரும் இருக்கின்றன. 8 என்ற எண் மட்டும் அந்தச் சிப்பாய்களுக்காக நிற்கிறது. அதே நாட்களில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தினசரி தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவரைப் போல ஒரு பிள்ளை ஆரணியில் இருந்திருந்தால் நமக்கு எத்தனை உபகாரமாக இருந்திருக்கும்!

யுத்தத்துக்குப் பிறகு நடந்ததுதான் என் கண்ணுக்கு யுத்தத்தைவிட முக்கியமாகப் படுகிறது. மராட்டியர்கள் ஓடுகிறவர்களைத் துரத்திப் போய் 400 குதிரைகளையும் ராஜா சாகிப்பின் பணப் பெட்டியையும் பிடித்துக்கொண்டார்கள். பெட்டியில் இருந்தது ஒரு லட்சம் ரூபாய். அவர்கள் எதற்காக வந்தார்களோ அது கிடைத்துவிட்டது. ஆரணிக் கோட்டையின் தலைவர் காற்று வீசும் திசையைப் பார்த்து, முகம்மது அலியின் கட்சி என்று அறிவித்துவிட்டார். தோற்ற படையின் சிப்பாய்களில் 600 பேர் தங்கள் துப்பாக்கிகளோடு வந்து கிளைவிடம் வேலைக்குச் சேர்ந்துகொண்டார்கள்.

அறுநூறு பேர்! கிளைவிடம் ஏற்கெனவே இருந்த சிப்பாய்கள் 700. ஒரே மாலைப் பொழுதில் அவனுடைய சிப்பாய்ப் படை ஏறக்குறைய இரண்டு பங்காகிவிட்டது. அதுவும் பயிற்சி பெற்ற ஆட்கள். ஆயுதமும் கையோடு வந்துவிட்டது. பயிற்சி கொடுத்த செலவு டூப்ளேயுடையது, பலன் கிளைவுக்கு. அந்த 600 பேரைத் துரோகிகள் என்று நாம் இன்று சொல்லிவிடலாம். யாருக்குத் துரோகம்? டூப்ளேயின் தேசம் அவர்களுடைய தேசமில்லை. சந்தா சாகிப்புக்கும் முகம்மது அலிக்கும் உள்ள பங்காளிச் சண்டையில் அவர்களுக்கு நிலமோ நீரோ பங்கில்லை. பணப் பெட்டி கொள்ளை போன பிறகு அடுத்த மாதச் சம்பளம் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். ஊரிலே பெண்டாட்டி பிள்ளைகள் அரிசிக்குக் காத்திருப்பார்கள். தோற்றவனிடம் சம்பளம் இல்லை, ஜெயித்தவனிடம் இருக்கிறது. இதற்கு மேல் அந்தத் தீர்மானத்தில் ஒரு சூட்சுமமும் இல்லை.

இந்தத் தேசத்தை இங்கிலீஷ்காரர்கள் ஜெயித்தார்கள் என்று படிக்கிறோம். ஜெயித்த படையைத் திரும்பிப் பார்த்தால் அதில் பெரும்பாலோர் நம்மவர்கள். 1757ல் பிளாசியில் கிளைவோடு நின்ற 3,000 பேரில் ஏறக்குறைய 2,100 பேர் சிப்பாய்கள். அவர்களில் பெரும் பகுதி சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். வங்காளத்தார் அவர்களைத் தெலிங்கர் என்று அழைத்தார்கள். பிறகு அங்கே சிப்பாய் என்றாலே தெலிங்கன் என்று பெயர் நிலைத்தது. நம் ஊர் வயல் சேற்றில் கற்ற பாடம் கங்கைக் கரையில் அரங்கேறியது. இந்தச் சிப்பாய்களில் பெயரோடு நமக்குத் தெரிந்தவர் வெகு சிலர். கான் சாகிப் என்ற முகம்மது யூசுப் கான் ஒருவர். கம்பெனிக்காக உழைத்துத் தளபதியாகி, மதுரையில் கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்று, 1764ல் தூக்கிலிடப்பட்டார். தன் பெயரைச் சரித்திரத்தில் எழுதிக்கொள்ள அவர் கொடுத்த விலை அது.

31 வருஷம் உருண்டோடியது. குமாஸ்தாக்களின் கம்பெனி இப்போது ஒரு ராஜ்யமாகிவிட்டது. அதை எதிர்த்து மைசூரிலிருந்து புறப்பட்டார் ஹைதர் அலி. 1780 ஜூலையில் அவர் கணவாய்களைத் தாண்டி இறங்கியபோது அவருடன் வந்தவர்கள் 80,000 என்றும் 90,000 என்றும் சொல்கிறார்கள், பீரங்கிகள் நூறு. இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மூங்கிலில் கட்டிய ராக்கெட்டுகளும் வந்தன. அவை ஒரு கிலோமீட்டருக்கு மேல் சீறிப் பாயும். அதே செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முழுவதும் அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தக் காட்சியை இன்றும் சித்திரமாகப் பார்க்கலாம்.

ஹைதரை எதிர்க்கக் கம்பெனி அனுப்பியவர் சர் அயர் கூட். 1760ல் ஆரணிக்குக் கிழக்கே இருக்கும் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களை முறியடித்தவர். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிய நோயாளி. 1781ல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கபுரத்திலும் ஹைதரை ஜெயித்தார். ஆனால் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் ஒரே சங்கடம். ஓடுகிற எதிரியைத் துரத்த முடியவில்லை. காரணம், மாடு இல்லை!

பீரங்கியை இழுக்க மாடு வேண்டும். மருந்து வண்டிக்கு மாடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படை சாப்பிடும் அரிசியைச் சுமக்க மாடு வேண்டும். ஹைதர் போகிற இடமெல்லாம் கிராமங்களைக் கொளுத்தி, தானியத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கம்பெனிப் படையோ தன் சோற்றைத் தானே சுமந்து நடந்தது. சில நாள் சோறு தீர்ந்ததும் மறுபடி சென்னைக்கோ கடற்கரைக்கோ திரும்பியாக வேண்டும். ஹைதரின் மாடுகளோ பிரசித்தமானவை. இன்றைக்கு அமிர்த மகால் என்று பெயர் பெற்ற மைசூர் இனம். 1781ல் சிதம்பரத்தைக் காப்பாற்ற இரண்டரை நாளில் நூறு மைல் போனார் ஹைதர் என்றும், அது அந்த மாடுகளால்தான் என்றும் சொல்வார்கள். யுத்த சரித்திரத்தில் குதிரைக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கு யாராவது வைத்தார்களா என்று தெரியவில்லை. தென்னிந்தியாவைப் பொறுத்தவரை நியாயமாக வைத்திருக்க வேண்டும்.

இந்த மாடும் சோறும்தான் கூட்டை ஆரணிக்கு இழுத்து வந்தன. ஹைதருக்கு இந்தப் பக்கத்தில் முக்கியமான களஞ்சியம் ஆரணிக் கோட்டை. தானியம், மருந்து, பணம் எல்லாம் அங்கே. நேரே போரிட வராதவனை அவன் அரிசி மூட்டையின் மேல் கை வைத்தால் வரவழைக்கலாம் என்று கூட் கணக்குப் போட்டார். கணக்குச் சரியாகவே இருந்தது. ஹைதர் ஓடி வந்தார்.

1782 ஜூன் 2ந் தேதி. வைகாசி வெயில். 31 வருஷத்துக்கு முன் சேறாக இருந்த பூமி இப்போது வெடித்துக் கிடந்திருக்கும். கூட்டின் படை ஆரணியை நெருங்கும்போது பின்னாலிருந்து ஹைதரின் பீரங்கிகள் முழங்கின. பள்ளத்தில் நின்ற படையின் மேல் சுற்றிலுமிருந்த மேட்டிலிருந்து குண்டுகள் விழுந்தன. கூட் பதறவில்லை. படையைத் திருப்பி, வரிசை கட்டி, ஹைதரை நோக்கி முன்னேறினார். வழக்கம் போல ஹைதரின் படை பின்வாங்கியது. ஆற்று மணலில் ஒரு பீரங்கியும் 11 வெடிமருந்து வண்டிகளும் சிக்கிக்கொண்டன. அவற்றைக் கம்பெனிப் படை கைப்பற்றியது. 1751ல் சேற்றில் இறங்க முடியாத சக்கரம் 1782ல் மணலில் புதைந்தது.

கூட் ஜெயித்தார் என்றுதான் காகிதத்தில் எழுத வேண்டும். ஆனால் ஹைதர் கூட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அவர் மகன் திப்பு ஆரணிக் கோட்டைக்குப் போய், காவலைப் பலப்படுத்தி, உள்ளே இருந்த பொக்கிஷத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதைப் பிடிக்கக் கூட் வந்தாரோ அது அவர் கைக்கு வரவில்லை. கோட்டையை முற்றுகையிடக் கையில் சோறு போதாது. சில நாள் கழித்து ஹைதர் ஆசை காட்டி, கூட்டின் காவல் படை ஒன்றை வெளியே இழுத்து, இரண்டு பீரங்கிகளோடு அடியோடு வாரிக்கொண்டு போனார். கூட் சென்னைக்குத் திரும்பினார். இரு கிழவர்களும் அதற்குப் பிறகு களத்தில் சந்திக்கவில்லை. அந்த டிசம்பரில் சித்தூருக்கு அருகே பாசறையில் ஹைதர் காலமானார். 1783 ஏப்ரலில் சென்னையில் கூட்டும் கண்ணை மூடினார்.

இரண்டு யுத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் யுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு படை ஜெயித்தது. வயலின் சேறு அதற்கு உதவியது, சம்பளம் அதை வளர்த்தது. இரண்டாவதில் களத்தில் ஜெயித்த படை வெறுங்கையோடு திரும்பியது, சோறு இல்லை. இரண்டிலும் வீரத்துக்குப் பஞ்சமில்லை. மராட்டியர்கள் ஐந்து முறை பாய்ந்தார்கள். ஹைதரும் கூட்டும் நோயோடு களத்தில் நின்றார்கள். வீரம் எல்லாப் பக்கத்திலும் இருந்ததால் அது எந்தப் பக்கத்தையும் ஜெயிக்க வைக்கவில்லை.

இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. அதை ஓர்மும் போடவில்லை, ஹைதரின் சரித்திரம் எழுதிய வில்க்ஸும் சரியாகப் போடவில்லை. கிளைவ் நின்ற மேட்டுக்கு முன்னால் தண்ணீர் கட்டியிருந்த வயலில் நெற்பயிர் நின்றிருக்குமே! ஆறாயிரம் பேரும், ஆயிரக்கணக்கான குதிரைகளும் ஒரு பகல் முழுவதும் மிதித்த பிறகு அந்தப் பயிர் என்ன ஆயிற்று? தைப் பொங்கலுக்கு அந்த வீட்டில் புதுப்பானை ஏறியதா? 1780க்குப் பிறகு நடந்தது இதைவிடக் கொடுமை. கிராமங்கள் எரிந்தன, மக்கள் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடினார்கள், பஞ்சம் வந்தது. 1782ல் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றச் சென்னையில் தொடங்கிய ஏற்பாடுதான் பிறகு மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்றது. யுத்தத்தின் உண்மையான தோல்விப் பட்டியல் அந்தச் சத்திரத்து வாசலில் நின்றது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. இங்கிலீஷ்காரர்கள் இந்தக் கரைக்கு வந்ததே துணி வாங்குவதற்கு. நம் நெசவாளியின் தறியில் நெய்த துணிக்காகத்தான் சென்னையில் கோட்டை கட்டினார்கள். கோட்டையைக் காப்பாற்றப் படை திரட்டினார்கள். படைக்குச் சம்பளம் கொடுக்க நாட்டைப் பிடித்தார்கள். நாட்டைப் பிடிக்க நடந்த யுத்தங்களிலே தறியை விட்டு ஓடியவனும் நெசவாளிதான்.

ஆனாலும் தறி திரும்பி வந்தது. நவாபுகள் போனார்கள், ஹைதரும் திப்புவும் போனார்கள், கம்பெனியும் போயிற்று. இன்றைக்கு ஆரணித் தெருக்களில் நடந்தால் காதில் விழுவது பீரங்கி முழக்கம் அல்ல. நாடா ஓடும் சத்தந்தான். அந்த ஊர்ப் பட்டுக்கு அரசாங்கம் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது. அந்த ஊர் அரிசி மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குப் போகிறது.

சரித்திரப் புத்தகத்தில் இனி எந்த யுத்தத்தைப் படித்தாலும், பத்திரிகையில் எந்த யுத்தச் செய்தியைப் பார்த்தாலும், டாங்கி எத்தனை, துப்பாக்கி எத்தனை என்ற பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் எந்த மண்ணில் நிற்கிறார்கள், யார் சம்பளம் கொடுக்கிறார்கள், யார் சோறு போடுகிறார்கள் என்று கேளுங்கள். அதோடு, மிதிபட்ட வயல் யாருடையது என்றும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.